மானிட்டாலின் படிக உருவங்கள்: ஒற்றை முகட்டை நம்பலாமா?

ஐரோப்பிய ஃபார்மகோபியாவில் மானிட்டாலுக்கு உரிய அடையாளச் சோதனையில் கவனிக்கத்தக்க ஒரு குறிப்பு உண்டு. மாதிரியின் அகச்சிவப்பு நிறமாலையும் ஒப்பீட்டுப் பொருளின் நிறமாலையும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, உலரும்வரை ஆவியாக்கி, மிஞ்சும் தூளில் மறுபடியும் நிறமாலை எடுக்கச் சொல்கிறது அது. புட்டியில் இருப்பது மானிட்டால்தானா என்று அறிய இந்த வழி போதும். ஆனால் கரைத்த அந்தக் கணமே, அது எந்தப் படிக உருவில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. உருகுநிலைச் சோதனையும் இதற்கு உதவாது. தரநூல் ஏற்கும் எல்லை 165 முதல் 170 டிகிரி செல்சியஸ். மானிட்டாலின் ஆல்பா, பீட்டா, டெல்டா என்ற மூன்று படிக உருவங்களில் ஆல்பாவும் பீட்டாவும் ஏறத்தாழ 166 டிகிரியில் உருகுகின்றன. டெல்டா உருவம் அதற்குக் கீழேயே நிலைகுலைந்தாலும், மெதுவாகச் சூடேற்றும்போது வழியிலேயே வேறு உருவாக மாறி, கடைசியில் அதே 166-இல் உருகிச் சோதனையில் தேறிவிடக்கூடும்.

ஆகவே, தரச்சான்றிதழில் ‘மானிட்டால், தகுதியுடையது’ என்று இருப்பதைக் கொண்டு உருவத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் பல, ஒரே ஓர் அளவீட்டை, பெரும்பாலும் தூள் எக்ஸ் கதிர்ப் படத்தின் ஒரே ஒரு முகட்டை, அடையாளமாகக் கொள்கின்றன. மானிட்டாலைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். சோதனைக்காக மாதிரியைத் தயார் செய்யும் செயலே உருவத்தை மாற்றிவிடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மானிட்டால் ஆறு கார்பன் கொண்ட சர்க்கரை ஆல்கஹால். மூலக்கூறு எடை 182.17. தெற்கு ஐரோப்பாவின் மானா ஆஷ் மரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து உறையும் இனிப்புப் பிசினிலிருந்து 1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் லூயி புரூஸ்ட் இதைப் பிரித்தெடுத்தார். சிசிலித் தீவின் காஸ்டெல்புவோனோ, பொலினா ஊர்களில் அந்தப் பிசினை இன்றும் சேகரிக்கிறார்கள். சார்பிட்டாலுக்கும் இதற்கும் ஒரே ஒரு கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் திசைதான் வேறுபாடு. ஆனால் சார்பிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கொள்ளும்; மானிட்டால் ஏறக்குறைய இழுப்பதே இல்லை. மருந்துத் தொழில் இதை விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான். மென்று விழுங்கும் மாத்திரைகளிலும், உறையவைத்து உலர்த்தி எடுக்கும் ஊசிமருந்துக் குப்பிகளிலும் துணைப்பொருளாக நிற்பது பெரும்பாலும் மானிட்டால். மூளை வீக்கத்துக்கு ஏற்றப்படும் 20 விழுக்காட்டுக் கரைசல் குளிர்ந்த அறையில் இருந்தால் பாட்டிலுக்குள் படிகம் கட்டிவிடும். வெதுவெதுப்பான சூட்டில் அதைக் கரைத்த பிறகே நோயாளிக்கு ஏற்ற வேண்டும் என்பதை மருத்துவமனைச் செவிலியர் எல்லாரும் அறிவர். படிகமாவதில் இந்தப் பொருளுக்கு உள்ள வேகம் அத்தகையது.

உருவங்களின் பெயர்களில் நீண்ட காலம் குழப்பம் நிலவியது. ஆல்பா, பீட்டா, டெல்டா என ஒரு மரபு. ஆல்பா-பிரைம், கப்பா எனத் தனிப்படிக ஆய்வாளர்கள் இட்ட பெயர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடும் இன்னொரு மரபு. ஒரே உருவம் இரண்டு பெயர்களில் உலவியதும், கலவை ஒன்று தனி உருவமாக எண்ணப்பட்டதும் நடந்தன. 1968-இல் பெர்மன், ஜெஃப்ரி, ரோசன்ஸ்டைன் ஆகியோர் பீட்டாவின் கட்டமைப்பைத் தனிப்படிக எக்ஸ் கதிர் முறையில் நிறுவினர். டெல்டாவின் கட்டமைப்புக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003-இல் ஒருபுறம் போட்டெஸ் குழுவினர் தூள் மாதிரியில் எடுத்த சின்க்ரோட்ரான் தரவிலிருந்தும், மறுபுறம் ஃப்ரோன்செக் குழுவினர் 100 கெல்வினில் தனிப்படிகத்திலிருந்தும் அதைத் தீர்த்தனர். ஃப்ரோன்செக் குழு ஆல்பா, பீட்டா ஆகியவற்றின் கட்டமைப்புகளையும் மறுபடி அளந்து மூன்றையும் ஒருசேர வைத்தது. ஆல்பாவும் பீட்டாவும் ஆர்த்தோராம்பிக் அமைப்பு, டெல்டா மோனோகிளினிக் அமைப்பு என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி நின்றது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் ‘ஆல்பா’ என்றோ ‘டெல்டா’ என்றோ காணும்போது, அந்தப் பெயரை நம்பாமல், கொடுக்கப்பட்டுள்ள கோணங்களை இன்றைய கட்டமைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே எடுத்தாள வேண்டும். கட்டமைப்போடு பிணைக்கப்படாத உருவப் பெயருக்கு ஆய்வில் மதிப்பில்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்று உருவங்களிலும் மூலக்கூறு ஏறத்தாழ ஒரே தோற்றத்தில்தான் இருக்கிறது: கார்பன் சங்கிலி ஒரே தளத்தில் நெளிந்து நீண்டு கிடக்கிறது. மாறுவது, ஆறு ஹைட்ராக்சில் தொகுதிகளும் அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கோத்துக்கொள்ளும் முறை மட்டுமே. ஒவ்வொரு தொகுதியும் ஒரு பிணைப்பைக் கொடுக்கவும் ஒன்றைப் பெறவும் வல்லது. அதனால் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் பல கோவைகள் இயலும். ஆற்றல் இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை இன்ஸ்பிரக் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் பர்கர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பீட்டாவின் உருகுநிலை 166.5 டிகிரி, உருகல் வெப்பம் மோலுக்கு 53.5 கிலோஜூல். ஆல்பாவுக்கு 166 டிகிரி, 52.1 கிலோஜூல். டெல்டா 150-க்கும் 158-க்கும் இடையில் நிலைமாறுகிறது. அது பீட்டாவாக மாறும்போது உறிஞ்சும் வெப்பம் மோலுக்கு வெறும் 1.3 கிலோஜூல்.

இந்த 1.3 சிறிய எண்தான். ஆனால் அது வெப்பத்தை உறிஞ்சும் மாற்றம் என்பதில் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. 1979-இல் பர்கரும் ராம்பெர்கரும் வகுத்த விதிப்படி, சூடேறும்போது வெப்பத்தை உறிஞ்சி ஓர் உருவம் மற்றொன்றாக மாறினால், அவ்விரண்டும் தத்தம் வெப்பநிலை எல்லையில் நிலைபெறும் இணைகள். தாழ்ந்த வெப்பநிலையின் உரிமை டெல்டாவுக்கு. அடர்த்தி விதியும் இதையே சொல்கிறது: கன சென்டிமீட்டருக்கு டெல்டா 1.499 கிராம், பீட்டா 1.490, ஆல்பா 1.468. தனிச்சுழி வெப்பநிலையில் டெல்டாவே நிலையானது என்று பர்கர் குழு முடிவு கட்டியது இதை வைத்துத்தான். அறை வெப்பநிலையில் கரைசலோடு தொடர்பில் விட்டால் ஆல்பாவும் டெல்டாவும் பீட்டாவாக மாறுகின்றன. அங்கே நிலையானது பீட்டா. ஆனால் உலர்ந்த தூளாக வைத்தால் மூன்றுமே ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். ‘நிலையற்ற உருவம்’ என்ற சொல்லைப் பல அறிக்கைகள் எச்சரிக்கைபோல எழுதுகின்றன. உலர்ந்த டெல்டாவைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை மிகையானது. ஈரம் பட்ட டெல்டாவுக்கு அது முற்றிலும் பொருந்தும்.

இனி எக்ஸ் கதிர்ப் படத்துக்கு வருவோம். செம்பு இலக்கின் கே-ஆல்பா கதிரில் எடுத்த தூள் படத்தில், டெல்டாவின் அடையாளமாக எல்லாரும் சுட்டுவது 2-தீட்டா 9.7 டிகிரியில் எழும் முகடு. இது தற்செயலானதல்ல. டெல்டாவின் அலகுக் கூட்டில் நீண்ட அச்சு 18.25 ஆங்ஸ்ட்ராம், அதன் பாதியான 9.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கப்பட்ட தளங்கள்தான் அந்தக் கோணத்தில் கதிரைத் திருப்புகின்றன. பீட்டாவின் நீண்ட அச்சு 16.9 ஆங்ஸ்ட்ராம் அளவுடையது. ஆகவே அதற்கு இணையான முகடு 10.5-இல் வருகிறது. பீட்டாவுக்கு 14.6, 23.4; ஆல்பாவுக்கு 13.6, 17.2 என்பவை வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் கோணங்கள். இதுவரை எல்லாம் தெளிவு. ஆனால் 20.4-ஐ ஒட்டிப் பாருங்கள். டெல்டாவின் வலுவான முகடு ஒன்றும் பீட்டாவின் முகடு ஒன்றும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் அங்கே நிற்கின்றன. சாதாரண ஆய்வகக் கருவியில், கலவை மாதிரியில், இரண்டும் ஒரே மேடாகவே தெரியும். இதைவிடச் சிக்கலானது 9.7. நீரைப் பிடித்துக்கொண்டு படிகமாகும் மானிட்டாலின் அரைநீரேற்று உருவத்துக்கு 9.6-இல் ஒரு முகடு உண்டு. உறையவைத்து உலர்த்திய மாதிரியில், படிகங்கள் மிகச் சிறியவையாகி முகடுகள் அகன்று போயிருக்கும்போது, 9.6-ஐயும் 9.7-ஐயும் பிரித்துச் சொல்ல முடியும் என்று துணிவது தவறு. அரைநீரேற்றுக்கு 17.9-இல் வேறு எதோடும் மோதாத ஒரு முகடு இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் 9.7-ஐ மட்டும் கண்டு ‘டெல்டா’ என்று எழுதுவது, நீர் கலந்த பொருளை நீரற்றது என்று சான்று கொடுப்பதில் போய் முடியலாம்.

முகட்டின் இடத்தைப் போலவே அதன் உயரமும் ஏமாற்றும். மானிட்டால் படிகங்கள் பெரும்பாலும் ஊசி வடிவானவை. தட்டில் தூளைக் கொட்டிக் கண்ணாடித் துண்டால் அழுத்திச் சமன் செய்யும்போது ஊசிகள் படுத்துக்கொள்கின்றன. அவற்றின் நீளவாக்குக்கு இணையான தளங்களின் முகடுகள் பெருகுகின்றன, மற்றவை தாழ்கின்றன. 2002-இல் கேம்பல் ராபர்ட்ஸ் குழுவினர் மானிட்டால் கலவைகளை எக்ஸ் கதிர் முறையில் அளவிட்டபோது முதன்மையாகக் கையாள வேண்டியிருந்தது இந்தச் சாய்வையே. இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் மருந்து, தூளை நன்றாக அரைப்பது. மானிட்டாலுக்கு அந்த மருந்தே கேடு. பந்து ஆலையில் அரைக்கும்போதே சின்க்ரோட்ரான் கதிரால் படமெடுத்த ஆய்வுகளில் பீட்டா படிப்படியாக ஆல்பாவாக மாறுவது நேரடியாகக் காணப்பட்டுள்ளது. டெல்டாவோ இடையில் பீட்டாவாகி, பிறகு ஆல்பாவில் போய் நிற்கிறது. உரலில் கையால் சில நிமிடம் அரைப்பதும் பந்து ஆலையில் மணிக்கணக்கில் அரைப்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆயினும், ஒரு மாதிரியில் சிறிதளவு ஆல்பா இருப்பதாகத் தெரிந்தால், அது மாதிரியில் முதலிலேயே இருந்ததா, உரலில் பிறந்ததா என்பதற்கு அரைக்காத மாதிரியின் படம் இல்லாமல் விடை இல்லை. அரைக்காமலே இந்தச் சாய்வைத் தவிர்க்க வழியுண்டு: மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் தூளைத் தளர்வாக நிரப்பி, அதைச் சுழலவிட்டுக் கதிரை ஊடுருவச் செய்து படமெடுப்பது. முழுப் படத்தையும் மூன்று கட்டமைப்புகளிலிருந்து கணக்கிட்ட படங்களோடு ரீட்வெல்ட் முறையில் பொருத்தினால், எஞ்சும் பொருந்தாமையே நான்காவது உருவம் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். நேரம் கூடுதல்தான். ஆனால் முடிவு நிற்கும்.

ஆய்வகங்களில் டிஎஸ்சி என்று வழங்கும் வெப்ப அளவியலைத் தனியே நம்புவதும் சரியல்ல. ஆல்பாவும் பீட்டாவும் அரை டிகிரி வித்தியாசத்தில் உருகுகின்றன. சூடேற்றும் வேகம், தூளின் நுண்மை, சிறு மாசு இவற்றில் எது மாறினாலும் அந்த அரை டிகிரி கரைந்துபோகும். டெல்டா மட்டும் 155-ஐ ஒட்டி ஒரு சிறு பள்ளத்தைக் காட்டி, உடனே மறுபடிகமாகி, 166-இல் உருகும். அந்தச் சிறு பள்ளம் கண்ணில் பட்டால் டெல்டா இருந்தது என்று துணிந்து சொல்லலாம். படாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் மெதுவான சூட்டில் திட நிலையிலேயே மாற்றம் நடந்து முடிந்திருக்கலாம். இராமன் நிறமாலைக்கு இந்த வகையில் ஒரு பெரும் சாதகம் உண்டு: தூளை அரைக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், புட்டியின் கண்ணாடி வழியாகவே அளக்கலாம். கரைசலில் படிகம் வளரும்போதே உருவம் மாறுவதைப் பின்தொடரவும் அது பயன்படுகிறது. அகச்சிவப்பு முறையில் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக அழுத்துவது வழக்கம். மேலே சொன்ன அரைத்தல் சிக்கல் முழுவதும் அங்கே திரும்பி வருகிறது. மானிட்டாலின் உருவத்தை அறிய அந்த வில்லை முறையைக் கைவிடுவதே முறை.

அரைநீரேற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளியைத் தொடும் விளைவு இங்கேதான் நேரடியாக இருக்கிறது. உறையவைத்து உலர்த்தும்போது மானிட்டால் நீரைப் பிடித்துக்கொண்டு தனிப் படிகமாக உருவாகக்கூடும் என்பதை 1999-இல் லியான் யூ குழுவினர் காட்டினர். அதன் கட்டமைப்பை 2004-இல் நூனெஸ் குழுவினர் தீர்த்தனர். இரண்டு மானிட்டால் மூலக்கூறுக்கு ஒரு நீர் என்ற விகிதம்; எடையில் 4.7 விழுக்காடு நீர். கணக்குக்காக ஒரு குப்பியில் 200 மில்லிகிராம் மானிட்டால் இருப்பதாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு அரைநீரேற்றாக இருப்பதாகவும் கொள்வோம். ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் நீர் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கும். மருந்து ஐந்து மில்லிகிராம் புரதமாக இருந்தால், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர் அதற்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது. மூடி அடைத்த குப்பி சேமிப்பில் இருக்கும்போது அரைநீரேற்று மெல்லச் சிதைந்து நீரற்ற உருவாக மாறும். விடுபட்ட நீர் ஈரத்துக்கு அஞ்சும் அந்த மருந்தைப் போய்ச் சேரும். உலர்த்தி எடுத்த அன்றைக்குக் கார்ல் ஃபிஷர் முறையில் மொத்த நீரை அளந்து வைப்பது போதாது என்பது இதனால் விளங்கும். அந்த நீர் எதில் தங்கியிருக்கிறது, எப்போது வெளிவரும் என்பதை உருவ ஆய்வுதான் சொல்லும். இரண்டாம் கட்ட உலர்த்தலில் வெப்பநிலையை உயர்த்தி அரைநீரேற்றைப் போக்கலாம். அது போய்விட்டதா என்பதை 17.9 டிகிரி முகடு இல்லாமை உறுதிப்படுத்த வேண்டும்.

அதே செய்முறை எல்லா நேரமும் அதே உருவைத் தரும் என்ற எண்ணத்துக்கும் மானிட்டால் இடம் கொடுப்பதில்லை. 1998-இல் கிம், ஏக்கர்ஸ், நெயில் ஆகியோர் கண்டது இது: 10 விழுக்காட்டுக் கரைசலை மெதுவாக உறையவைத்து உலர்த்தினால் ஆல்பாவும் பீட்டாவும் கலந்து கிடைக்கின்றன, அதே கரைசலை வேகமாக உறையவைத்தால் டெல்டா, செறிவை 5 விழுக்காடாகக் குறைத்து வேகமாக உறையவைத்தால் பெரும்பாலும் பீட்டா. உறையும் வேகம், செறிவு ஆகிய இரண்டே காரணிகளை மாற்றியதில் மூன்று உருவங்களும் வந்துவிட்டன. உருகிய மானிட்டாலைக் குளிரவைத்தாலும் இதே கதை. பாலிவினைல்பிரோலிடோன் கலந்த உருகலில் முதலில் டெல்டா தானே தோன்றுகிறது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஆல்பா கருக்கொண்டு, டெல்டாவைவிட வேகமாக வளர்ந்து பரவுகிறது. ஓர் உருவம் மற்றோர் உருவத்துக்கு வித்தாக அமையும் இந்த நிகழ்வை லியான் யூ 2003-இல் விவரித்தார். முதலில் பிறந்த உருவமே வளர்ந்து நிறையும் என்ற பழைய கருத்தை அது அசைத்துவிட்டது. விதைப்படிகம் இட்டு உருவைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லும் எந்தச் செய்முறையும், விதைத்த உருவமே கடைசியில் கிடைத்ததா என்று காட்டாதவரை அரைகுறையானதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், அது நியாயமானதும்கூட. மானிட்டால் நீரில் எளிதாகக் கரையும் பொருள். எந்த உருவில் விழுங்கினாலும் வாயில் கரைந்ததும் ஒரே மூலக்கூறுதான். கரைதிறன் குறைந்த மருந்துகளில் புதிய உருவம் தோன்றி மருந்தே வேலை செய்யாமல் போகும் ஆபத்து இங்கே இல்லை. அப்படியிருக்கத் துணைப்பொருளின் உருவத்துக்கு இவ்வளவு உழைப்பு ஏன்? கரைதல் என்ற ஒரு பண்பை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் மாத்திரை கரைவதற்கு முன் மாத்திரையாக நிற்க வேண்டும். பர்கர் குழுவின் அழுத்தச் சோதனைகளில், மாத்திரையின் மேற்புறம் தொப்பிபோலக் கழன்று வரும் கேப்பிங் கோளாறு டெல்டாவில்தான் மிகக் குறைவாக இருந்தது. அச்சில் பீட்டாவைப் போட்டால் ஒரு மாத்திரை, டெல்டாவைப் போட்டால் வேறொரு மாத்திரை. தெளிப்பு முறையில் உலர்த்திய தூள்களில் ஆல்பாவும் பீட்டாவும் கலந்து கிடைக்கலாம். அந்தக் கலப்பு விகிதம் ஒரு சரக்கிலிருந்து மறு சரக்குக்கு நகர்ந்தால் அழுத்தும் எந்திரம் அதை உணரும், தரச்சான்றிதழ் உணராது.

டெல்டாவை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கும் இடம் ஈரக் குருணையாக்கம். யோஷினாரி குழுவினர் 2002-லும் 2003-லும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, டெல்டா ஈரம் பட்டுப் பீட்டாவாக மாறும்போது, ஒவ்வொரு துகளும் நுண்ணிய பல படிகங்களின் திரளாகிறது. மேற்பரப்பு பெருகுகிறது, அழுத்தும்போது பிடிப்பும் கூடுகிறது. ஆரம்பத்திலேயே பீட்டாவாக வாங்கிய தூளை அதே போல ஈரப்படுத்தினால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. இரண்டிலும் மாத்திரைக்குள் இருப்பது பீட்டாதான். எக்ஸ் கதிர்ப் படத்தில் முகடுகள் அதே இடங்களில் விழும். ஒன்று டெல்டாவாக இருந்து மாறிய பீட்டா, மற்றது பிறப்பிலேயே பீட்டா. துகளின் அளவும் மேற்பரப்பும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

எனவே மானிட்டால் மாதிரியின் உருவத்தைப் பதிவு செய்யும் ஆய்வறிக்கை, வாங்கிய தூளில், குருணையாக்கத்துக்குப் பின், முடிந்த மாத்திரையில் அல்லது குப்பியில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அரைக்காத மாதிரியின் முழுத் தூள் படத்தைத் தர வேண்டும். எந்தக் கட்டமைப்புத் தரவோடு ஒப்பிட்டது, மாதிரி எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு நேரம் எதில் அரைக்கப்பட்டது என்பதையும் படத்தின் கீழேயே எழுத வேண்டும். உறையவைத்து உலர்த்திய குப்பியாக இருந்தால் 17 முதல் 19 டிகிரி வரையுள்ள பகுதியைப் பெரிதாக்கி, அங்கே முகடு எதுவும் இல்லாவிட்டாலும், தனியே அச்சிட வேண்டும்.